புரிந்துகொள்ளும் வேலை யாருடையது?

2021 மார்ச் மாதம் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20. இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு வலுத்ததும் ஊரை விட்டுக் கிளம்பிச் சென்னையில் தங்கியிருந்தார்கள். மகளைக் காணவில்லை என்று இரண்டு வீட்டாரும் போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். அதோடு நின்றிருந்தால் பத்தோடு பதினொன்றாக அந்த வழக்கு முடிந்துபோயிருக்கும். ஆனால் ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவில், இந்த விஷயத்தில் தனக்கே முழுத் தெளிவு இல்லை என்றும், தீர்ப்பு எழுதும் முன் தானும் அந்த ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள விரும்புவதாகவும் அவர் பதிவு செய்தார். சொன்னபடியே போய்க் கற்றார். ஜூன் 7 அன்று வெளியான உத்தரவில், தன்பாலீர்ப்பைப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் தானும் ஒருவராக இருந்ததை மறைக்காமல் எழுதினார். அறியாமையைக் காரணம் காட்டிப் பாகுபாட்டை நியாயப்படுத்த முடியாது என்றும் சொன்னார்.

இந்திய நீதிமன்றங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் குறித்து இதைவிடப் பெரிய தீர்ப்புகளைத் தந்திருக்கின்றன. ஆனாலும் ஒரு தன்பாலீர்ப்புப் பிள்ளை நிம்மதியாக வளர என்ன தேவை என்ற கேள்விக்கு, இந்த உத்தரவைவிட நேரடியான பதில் வேறெதிலும் இல்லை என்பேன். அந்த நிம்மதி பிள்ளையை மாற்றுவதால் வருவதில்லை. பிள்ளை தன்னைத் தானே தேற்றிக்கொள்வதாலும் முழுமையாக வருவதில்லை. சுற்றியிருக்கும் பெரியவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்போதுதான் வருகிறது. இது இரக்கமோ பெருந்தன்மையோ சம்பந்தப்பட்ட காரியம் அல்ல. பாடம் படிப்பது போன்ற வேலை. நேரம் கொடுக்க வேண்டும், தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். இன்று நம் வீடுகளில் அந்த வேலை முழுவதையும் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, பெரியவர்கள் அதிர்ச்சி அடையும் உரிமையை மட்டும் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள்.

மதுரைப் பெற்றோர்கள் ஆலோசகரிடம் சொன்னவற்றில் ஒன்று அந்த ஏப்ரல் உத்தரவில் பதிவாகியிருக்கிறது. மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட, துணையே இல்லாமல் பிரம்மச்சரியம் காப்பது கௌரவமானது என்று அவர்கள் கருதினார்கள். இதைப் படிக்கும்போது கோபம் வருவது இயல்பு. கொஞ்சம் நின்று யோசித்தால் வேறொன்றும் தெரிகிறது. மகளுக்கு எப்படியாவது கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று காலமெல்லாம் கவலைப்படும் சமூகத்தில் வாழும் பெற்றோர்கள் இவர்கள். அவர்களே கல்யாணம் வேண்டாம், தனிமை போதும் என்ற முடிவுக்கு வருகிறார்கள் என்றால், மகளின் துணையை அவர்களால் ஒரு துணையாகவே பார்க்க முடியவில்லை என்றுதான் பொருள். பாசம் இல்லாமல் இல்லை. மகள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று தவித்துத்தான் போலீசுக்கே போனார்கள். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டுச் சமாதானமாகி, முதுமை வரை சேர்ந்து வாழக்கூடும் என்ற சித்திரம் அவர்கள் மனத்தில் எங்குமே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பாசத்தால் மட்டும் நிரப்ப முடியாது. தகவலும் பழக்கமும்தான் நிரப்பும்.

பெற்றோரிடம் இருக்கும் இந்த வெற்றிடத்துக்குள்தான் பிள்ளை வளர்கிறது. தன் ஈர்ப்பு எந்தப் பக்கம் போகிறது என்பது பலருக்குப் பருவ வயதில் தெரியத் தொடங்குகிறது. அந்த வயதில் அதற்கு நல்ல பெயர் எதுவும் காதில் விழுவதில்லை. சினிமா நகைச்சுவையிலும் வகுப்பறைக் கேலியிலும் வரும் வசைச் சொற்கள் மட்டுமே விழுகின்றன. நண்பர்கள் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், சொல்வதற்கு ஒரு பெண்ணின் பெயரைத் தயாராக வைத்துக்கொள்ள ஒரு பையன் பழகுகிறான். நடையை, குரலை, கையசைவை, யாரை எத்தனை நேரம் பார்க்கிறோம் என்பதைக்கூடக் கண்காணிக்கக் கற்றுக்கொள்கிறான். வாலிப வயதில் மற்றவர்கள் படிப்புக்கும் விளையாட்டுக்கும் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கு இப்படியே போய்விடுகிறது. இந்த ஓயாத விழிப்பும், எப்போது அவமதிக்கப்படுவோமோ என்ற எதிர்பார்ப்பும் மன நலத்தைக் குலைப்பதை அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல் விரிவாக எடுத்து விளக்கினார். சிறுபான்மையினர் சுமக்கும் அழுத்தம் என்று அதை அவர் குறிப்பிட்டார். சாதியின் பெயரால் பள்ளியில் அவமானப்படும் பிள்ளையின் காயம் ஆழமானது. ஆனாலும் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து அழ முடியும். அதே அவமானத்தைத் தாங்கிய அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். தன்பாலீர்ப்புப் பிள்ளைக்கு, எல்லோரையும்விட அதிகமாக மறைக்க வேண்டிய இடமே வீடுதான். யாருடைய துயரம் பெரிது என்று அளப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினையில் வீட்டைத் தாண்டி எந்தத் தீர்வையும் பேச முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 2008-இலேயே திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்த மாநிலம் இது; இந்தியாவில் அதுதான் முதல். கூவாகம் திருவிழாவும் நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜும் தெரியாத தமிழர் குறைவு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த அறிமுகத்தாலேயே பல பெற்றோருக்குப் பாலினச் சிறுபான்மை என்றால் ஒரே ஒரு சித்திரம்தான் மனத்தில் எழுகிறது. மகன் இன்னொரு ஆணை விரும்புவதாகச் சொன்னதும், இவன் பெண்ணாக மாறப்போகிறானா என்று கேட்கிறார்கள். அவனுக்குத் தான் ஆண் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. அவன் விரும்புவது ஓர் ஆணை, அவ்வளவுதான். ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு, யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது வேறு. இந்த அடிப்படை வேறுபாடு தெரியாததால் எத்தனையோ வீடுகளில் முதல் உரையாடலே இல்லாத ஒரு பிரச்சினையைப் பற்றி நடந்து, கண்ணீரில் முடிகிறது. தன்பாலீர்ப்புப் பெண்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அவர்களைப் பற்றி வசைச் சொல்கூட அதிகம் இல்லை. அப்படிச் சிலர் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை.

மருத்துவமும் ஒரு காலத்தில் இதே இருட்டில்தான் இருந்தது. அது எப்படி வெளியே வந்தது என்பது பெற்றோருக்குப் பயன்படும் கதை. இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை, தன்பாலீர்ப்பு ஒரு மனநோய் என்று மனநல மருத்துவர்கள் நம்பியதற்கு முக்கியக் காரணம், அவர்கள் பார்த்தவர்கள் யார் என்பது. வேதனை தாங்காமல் சிகிச்சைக்கு வந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும் மட்டுமே அவர்கள் பார்த்தார்கள். எந்த மக்கள் கூட்டத்தையும் மருத்துவமனையிலும் சிறையிலும் மட்டும் பார்த்தால் நோயாகவும் குற்றமாகவும்தான் தெரியும். அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் இந்தத் தவறைக் கண்டுகொண்டார். சிகிச்சைக்கு வராமல் இயல்பாக வாழ்ந்துகொண்டிருந்த 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் அன்று புழக்கத்தில் இருந்த உளவியல் சோதனைகளுக்கு உட்படுத்தினார். பெயரோ அடையாளமோ இல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அந்த நிபுணர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வு 1957-இல் வெளியானது. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990 மே 17 அன்று உலகச் சுகாதார நிறுவனமும் நீக்கியது. இந்திய மனநல மருத்துவச் சங்கம் இது நோயல்ல என்று 2018-இல் வெளிப்படையாக அறிவித்தது. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ, ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க நெறிகளுக்கோ பண்பாட்டுக்கோ மத நம்பிக்கைகளுக்கோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

நோயில்லை என்றே வைத்துக்கொள்வோம், முயன்றால் மாற்ற முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 1973 முடிவில் பெரும்பங்கு வகித்த மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரே, முப்பது ஆண்டுகள் கழித்து, சிலர் மாறியிருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு வெளியிட்டார். மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரிடம் தொலைபேசியில் பேசி எடுத்த முடிவு அது. உலகமெங்கும் 'மாற்றுச் சிகிச்சை' செய்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள். 2012-இல், தன் ஆய்வு எதையும் நிரூபிக்கவில்லை, சொன்னவர்கள் உண்மைதான் சொன்னார்களா என்று சோதிக்க வழியே இருக்கவில்லை என்று ஸ்பிட்சர் எழுதி, அந்த ஆய்வை நம்பிச் சிகிச்சைக்குப் போய்க் காலத்தையும் தெம்பையும் இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டே, பிரார்த்தனையால் மாறலாம் என்று பல ஆண்டுகள் பிரசாரம் செய்த அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பான எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் மன்னிப்புக் கேட்டுவிட்டு இழுத்து மூடப்பட்டது. மாற்ற முடியும் என்று நம்புவதற்கு மிகுந்த விருப்பமும் வசதியும் கொண்டிருந்தவர்களே கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது.

முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம் என்ற வாதமும் நிற்காது. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேட்லின் ரயான் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தின் கடும் நிராகரிப்பைச் சந்தித்த தன்பாலீர்ப்பு இளைஞர்கள், நிராகரிப்பைச் சந்திக்காத அல்லது குறைவாகவே சந்தித்தவர்களைவிடத் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்ல 8.4 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அதே குழுவின் பிந்தைய ஆய்வு மாற்றும் முயற்சிகளையே நேரடியாக ஆராய்ந்தது. அத்தகைய முயற்சி எதற்கும் ஆளாகாதவர்களில் 22 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பெற்றோர் மாற்ற முயன்றவர்களில் 48 விழுக்காடு. பெற்றோரின் முயற்சியோடு சிகிச்சையாளரிடமோ மதத் தலைவரிடமோ அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காடு. இவை அமெரிக்காவில், சில நூறு பேரிடம், நினைவிலிருந்து கேட்டுப் பெற்ற கணக்குகள். இதுதான் காரணம், இதுதான் விளைவு என்று இவற்றை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. அப்படியும் எந்தப் பெற்றோருக்கும் முதலாவது எண்ணே நெஞ்சை உலுக்க வேண்டும். 63 விழுக்காடு என்ற மூன்றாவது எண்ணைப் பார்த்த பிறகும் பிள்ளையை மந்திரிக்கவோ மருந்து கொடுக்கவோ கூட்டிப்போவதை அக்கறை என்று சொல்வதற்கு இடமே இல்லை.

நம் ஊரில் மாற்றும் முயற்சிக்குப் பெரும்பாலும் மருத்துவமனை தேவைப்படுவதில்லை. கல்யாண மண்டபம் போதும். 'ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில் நடத்தப்படும் திருமணங்களில் இரண்டு வாழ்க்கைகள் ஒருசேரப் பாழாகின்றன. மணமகன் தன்பாலீர்ப்பாளர் என்று தெரியாமல் கழுத்தை நீட்டும் பெண், தன்னிடம் என்ன குறை என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். குழந்தை இல்லை என்று மாமியார் வீட்டில் ஏச்சு வாங்குபவளும் அவள்தான். தன்பாலீர்ப்புப் பெண்ணைக் கட்டாயமாக மணமுடித்துக் கொடுத்தால், அவளது விருப்பமே இல்லாத உறவு அன்றாடக் கடமையாகிவிடுகிறது. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் எடுக்கும் முடிவின் விலையை, அந்த ஊரில் ஒருவர்கூடக் கொடுப்பதில்லை.

'சேர்க்கை சரியில்லை, யாரோ கெடுத்துவிட்டார்கள்' என்பது இன்னொரு வாதம். செல்போன் வந்த பிறகு இது பெருகியிருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் முன்பு வந்த ஆட்கொணர்வு வழக்கில் ஒரு தாய் இதையேதான் சொன்னார்: தன் 25 வயது மகளை அந்தத் தோழிதான் வழிதவறச் செய்துவிட்டாள் என்று. மகளிடம் நீதிபதிகளே பேசினார்கள். தன் விருப்பத்துக்கு மாறாக வீட்டில் வைத்திருப்பதாகவும், அடித்ததாகவும், 'சரியாக' வேண்டும் என்று சடங்குகள் செய்யவைத்ததாகவும் அவர் சொன்னார். தோழியோடு போக அவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் அனுப்பிவைத்தது. பழக்கத்தால் ஈர்ப்பு உண்டாகும் என்பது உண்மையென்றால், ஆண் பெண் காதலை மட்டுமே காட்டும் ஆயிரக்கணக்கான சினிமாக்களையும் பாட்டுகளையும் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளைகூடத் தன்பாலீர்ப்பாளர் ஆகியிருக்க முடியாது. வளர்ப்பின் மீது பழி போடுவதும் இதே ரகம். அது கடைசியில் தாய்மார்கள் தலையில்தான் விடிகிறது. ஏறத்தாழ 4,80,000 பேரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வு, இதற்கென ஒற்றை மரபணு எதுவும் இல்லை என்றும், பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும் பிற காரணிகளும் சேர்ந்தே இது அமைகிறது என்றும் காட்டியது. முழு விடை யாரிடமும் இல்லை. ஆனால் அம்மா அதிகம் செல்லம் கொடுத்ததாலோ அப்பா வெளிநாட்டில் இருந்ததாலோ இது வந்தது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்து பெற்றோர் விடுபட்டாலே வீட்டில் பாதிப் புயல் அடங்கும்.

இது மேற்கத்திய இறக்குமதி என்பவர்களுக்கு, கோயில் சிற்பங்களைக் காட்டி நம் மரபிலும் இருந்தது என்று பதில் சொல்வது வழக்கம். அந்தப் பதிலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சிற்பம் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை நம் பிள்ளைதான். இறக்குமதி எது என்று கேட்டால், வரலாறு தெளிவாகவே சொல்கிறது: மெக்காலே தலைமையிலான குழு வரைவு எழுதி, 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுதான் இறக்குமதி. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வதை அந்தப் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தபோது, இந்த மக்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் வரலாறு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறது என்ற கருத்தை நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். குடும்பங்களுக்கும் என்று அவர் சேர்த்தது கவனிக்க வேண்டியது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022-இல் நீக்கிவிட்டது. ஆனால் இலங்கையில் காலனி அரசு 1883-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகளின் நிழலில்தான் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை இன்னும் வளர்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. புரிந்துகொள்ளும் வரை நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும், பெற்றவர்களும் நீதிபதிகளும் பாடம் படித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு உரிமையா என்று தன்பாலீர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். முழுக்க நியாயமான கேள்வி. உரிமைக்குப் புரிதல் முன்நிபந்தனை ஆகக் கூடாது. மதுரை வழக்கிலும் ஆகவில்லை. ஆலோசனை நடந்துகொண்டிருந்த மாதங்களில் அந்தப் பெண்களை யாரும் கட்டாயப்படுத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் சட்டத்தின் கை எட்டும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. 22 வயதுப் பெண் நீதிமன்றத்துக்கு வர முடியும். 14 வயதுப் பையன் வர முடியாது. அவன் இன்னும் நான்கு ஆண்டுகள் அதே வீட்டில், அதே சாப்பாட்டு நேரத்துப் பேச்சுகளுக்கு நடுவேதான் வளர்ந்தாக வேண்டும். சமைத்துக்கொண்டே அம்மா ஒரு டிவி காட்சியைப் பார்த்து முகம் சுளிப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. அந்தச் சுளிப்பிலிருந்துதான் தன்னைப் பற்றிய முதல் தீர்ப்பை அவன் படிக்கிறான். உரிமை வளர்ந்தவர்களைக் காப்பாற்றுகிறது. வளர்ந்துகொண்டிருப்பவர்களைக் காப்பாற்றப் புரிதலும் தேவை.

அந்தப் புரிதல் தனியாளின் நல்ல மனத்தை நம்பியும் இருக்கக் கூடாது. 2025 தீர்ப்பு சொன்னதுபோல எல்லாப் பெற்றோரும் நீதிபதி லீலா சேத் ஆகிவிட மாட்டார்கள். இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த அவர், எழுத்தாளரான தன் மகன் விக்ரம் சேத்தின் பக்கம் நின்று ஒரு தாயாக வெளிப்படையாக எழுதியவர். மற்றவர்களுக்கு நிறுவனங்களின் துணை வேண்டும். அதில் நல்லதும் நடந்திருக்கிறது, பின்னடைவும் நடந்திருக்கிறது. ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவுகளைத் தொடர்ந்து, தன்பாலீர்ப்பாளர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2022-இல் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்தது. மாற்றுச் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஆனால் 2024-இல் அதே ஆணையம் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில், பெண்களின் தன்பாலுறவு மறுபடியும் இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். எழுப்புவதற்கு ஆள் இல்லாமல் போயிருந்தால், அதைப் படித்த ஒரு தலைமுறை மருத்துவர்களிடம்தான் நாளை பெற்றோர்கள் தயங்கித் தயங்கிப் பிள்ளையைக் கூட்டிப்போயிருப்பார்கள்.

ஜூன் 7 உத்தரவின் வழிகாட்டுதல்களில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்களைப் பயன்படுத்திப் பெற்றோருக்கு இவற்றைக் கற்றுக்கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. போலீசுக்கான விதி பெரும்பாலும் பிள்ளை வீட்டை விட்டு ஓடிய பிறகுதான் உதவிக்கு வரும். மருத்துவருக்கான தடை, பெற்றோர் மாற்றத் துடித்த பிறகு உதவும். இது மட்டும்தான் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வேலை செய்யக்கூடியது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வரும் பெற்றோருக்கு, ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், தெரிந்த ஓர் ஆலோசகர் பேசினால் போதும். எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எல்லா வீட்டாரும் கேட்டிருப்பார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமில்லாமல் இதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. உத்தரவு 2021-லிருந்தே இருக்கிறது.